ஜின் கதையும் கன்னியர் மனமும்

ஜின்களும் தேவதைகளும் காதலருக்குத் துணைபோகும் கதைகளைப் பெண்கள் இத்துணை விரும்பிப் படிப்பதேன்? வீண் கற்பனை என்று அந்நூல்களைப் பறித்து வைக்கும் பெற்றோரும் உளர். பறிக்குமுன் அவை சொல்வதென்ன என்று சற்றே நோக்குவோமாக.

‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுதியில் கமருஸ் ஸமான் என்னும் இளவரசனும் புதூர் என்னும் இளவரசியும் வருகின்றனர். மணம் வேண்டாமென மறுத்ததற்காக இருவரையுமே அவரவர் தந்தையர் அடைத்து வைக்கின்றனர். ஜின்கள் புதூரை இரவோடிரவாகத் தூக்கிவந்து அவனருகே கிடத்துகின்றன. ஒருவர் உறங்க, மற்றவர் விழித்துக் காண்கிறார். தம் கண்ணாற் கண்டபின் இருவர் மறுப்பும் விருப்பமாகிறது. பின்னாளில் கணவனைப் பிரிந்த புதூர், ஆணுடை தரித்து நாட்டையும் ஆள்கிறாள்.

ஸ்டெஃபனி மேயர் 2005 இல் வெளியிட்ட ‘ட்வைலைட்’ நாவலில் காதலன் இரத்தக்காட்டேரி. அவன் தன் கொடிய வேட்கையை அவளுக்காக அடக்குகிறான். அவனை அறிந்தே அவள் விரும்புகிறாள்.

மாயத்தை நீக்கினால் இக்கதைகளில் எஞ்சுவது, ‘என்னைக் கேட்டீர்களா?’ என்னும் பெண்ணின் வினாவே.

அறுகம்பே முதல் கல்முனை வரை நம் கரையில் மகளுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளையை அவ்வீட்டுக்கு அழைப்பது வழக்கம். ஆயினும் 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் இயற்றப்பட்டபோது, மணப்பதிவில் மாப்பிள்ளையும் வலீயும் கையொப்பமிட வேண்டுமென்றதேயன்றி, மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. வீடு அவளுடையது, பதிவேட்டில் அவளுக்கு ஒரு வரியில்லை!

ஆதலால் நூலைப் பறிப்பதினும் மகளின் சம்மதத்தை மனமாரக் கேட்பது நன்று. கேட்கும் வீட்டில் ஜின் கதை, கதையாகவே இனிக்கும்.