நல்லெண்ணம் மட்டும் போதுமா?

பிரிட்டனில் பள்ளி முடித்த 18 வயதுப் பிள்ளைகள் பலர், பல்கலைக்கழகம் சேரும் முன் ஓராண்டு இடைவெளி எடுத்து, கம்போடியா போன்ற நாடுகளுக்குத் தொண்டு செய்யப் போகிறார்கள். சொந்த ஊரில் அவர்களை ஆசிரியராக வகுப்பெடுக்க விடுவார்களா? ஏழைக் குழந்தைக்கு மட்டும் நல்லெண்ணம் போதுமாம்!

கம்போடிய அனாதை இல்லக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதை யுனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. வறுமை பிரிக்கிறது, பார்க்க வருவோரின் பணம் அந்தப் பிரிவை நீட்டிக்கிறது.

இந்தச் 'சேவை' நமக்குப் புதிதல்ல. 1932இல் தொடங்கிய ஹரிஜன் சேவக் சங்கம், கிணற்றிலும் பள்ளியிலும் சம உரிமைக்குப் போராட வேண்டும் என்றார் அம்பேத்கர். காந்தியோ அதைச் சாதி இந்துக்களின் பிராயச்சித்தமாகவே பார்த்தார்.

யாருக்குச் சேவையோ, அவர்கள் கையில் அதிகாரம் இல்லையென்றால், மீட்சி பெறுவது சேவை செய்பவர் மட்டுமே.