இன்ஸ்பெக்ஷன்ல நான் சொன்ன பொய்

மூணாவது வருஷம் நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு என்.பி.ஏ. குழு வந்தப்போ நான் ஒரு பொய் சொன்னேன். "லேப்ல எல்லாரும் கையால செஞ்சு பாக்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. "ஆமா சார்"னேன். உண்மையில ஒரு மெஷினைச் சுத்திப் பத்து பேர் நிப்போம். ஒருத்தன் ரீடிங் எடுப்பான், மத்தவங்க காப்பி பண்ணுவோம்.

இதை பி.ஆர்க். படிக்கிற என் ஸ்கூல் ஃப்ரெண்டுகிட்ட சொன்னேன். அவன் சிரிக்கல. அவங்க படிப்புக்கு 1972-ல வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் இருக்கு. கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சர் அனுப்புற இன்ஸ்பெக்டர்கள் ஆசிரியர்கள், இடவசதி, கருவிகள், தேர்வுன்னு எல்லாத்தையும் பார்த்து அறிக்கை கொடுப்பாங்க. தரம் இல்லைன்னா அங்கீகாரமே ரத்தாகலாம். அங்கீகாரம் இல்லாத டிகிரியை வச்சு கவுன்சிலில் பதிவு பண்ண முடியாது. பதிவு இல்லாம பேருக்கு முன்னாடி 'ஆர்க்கிடெக்ட்'னு போட முடியாது. அஞ்சு வருஷம் படிச்சும்!

நமக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. என்.பி.ஏ. இல்லாத பிராஞ்ச்ல படிச்சாலும் பி.இ., பி.இ.தான். அதனாலதான் கவுன்சிலிங்ல பிளேஸ்மென்ட் கேட்ட நாம இதைக் கேட்கவே இல்லை. ஆனா ஒண்ணு கவனிங்க. என்.பி.ஏ. காலேஜுக்குத் தர்றது இல்லை, ஒவ்வொரு பிராஞ்சுக்கும் தனித்தனியாத் தர்றது. பக்கத்து டிபார்ட்மென்ட்டுக்கு இருக்குங்கிறதால உங்களுக்கும் இருக்குன்னு அர்த்தம் இல்லை. கிடைச்சாலும் மூணு வருஷமா, ஆறு வருஷமாங்கிறது வேற விஷயம். உங்க பிராஞ்சுக்கு எது வரைக்கும் இருக்குன்னு என்.பி.ஏ. வெப்சைட்டில் இன்னிக்கே பாருங்க.

"உண்மையைச் சொன்னா நம்ம டிகிரிக்குத்தானே ஆப்பு?"ன்னு நீங்க கேட்கலாம். நானும் அதுக்குப் பயந்துதான் பொய் சொன்னேன். அதனால என்ன ஆச்சு? அறிக்கையில அந்தக் குறை ஏறியிருந்தா, அடுத்த தடவை அங்கீகாரம் வாங்கவாவது இன்னும் ரெண்டு மெஷின் வாங்கியிருப்பாங்க. யாரும் சொல்லாததால வந்தது சுவருக்குப் புது பெயின்ட் மட்டும்தான். இந்த வருஷம் என் ஜூனியர்ஸ் அதே மெஷினைச் சுத்திப் பத்து பேரா நிக்கிறாங்க.

ஜூனியர்ஸ், அடுத்த குழு வரும்போது நான் இங்க இருக்க மாட்டேன். எழுதிக் கொடுத்த பதிலை மனப்பாடம் பண்ணாதீங்க. பத்து பேர் நின்னா பத்து பேர்னே சொல்லுங்க.