பாடாத இருவரின் ஆல்பம்

பல பேர் எழுதும் இதழுக்கு ஒரே குரல் எப்படி வாய்க்கிறது என்று எங்கள் ஆசிரியர் குழுவில் அடிக்கடி வாய்ச்சண்டை நடக்கும். இந்த முறை அதற்குள் ஓர் அமெரிக்க ஹிப் ஹாப் ஆல்பம் புகுந்துவிட்டது. 1999-இல் வந்த ‘சோ... ஹவ்ஸ் யுவர் கேர்ல்?’ ஆல்பத்தை உருவாக்கியவர்கள் பெயர் ‘ஹேண்ட்சம் பாய் மாடலிங் ஸ்கூல்’. அப்படி ஒரு பள்ளி எங்கும் கிடையாது. ‘கெட் எ லைஃப்’ என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரில் கிறிஸ் எலியட்டின் பாத்திரம் போய்ச் சேரும் மாடலிங் பள்ளி அது. தொடர் 1992-லேயே நின்றுபோனது. பெயரைச் சுட்டுக்கொண்டவர்கள் பிரின்ஸ் பாலும் டான் தி ஆட்டமேட்டரும்.

ஹிப் ஹாப்பில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர் அல்ல. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டுகளை வெட்டி, தாளம் கோத்து, யார் எங்கே வாய் திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்று முடிவு செய்கிறவர். லாங் ஐலண்டுக்காரரான பால் 1989-இல் டி லா சோல் குழுவின் முதல் ஆல்பத்தை இப்படித்தான் கட்டினார். பாட்டுக்குப் பாட்டு நடுவே ஒரு கோமாளித்தனமான வினாடி வினாவை ஓடவிட்டார். பிறகு ராப் ஆல்பம் என்றாலே இடையிடையே குறுநாடகம் என்றாகிவிட்டது. பெரும்பாலானவை சகிக்க முடியாதவை என்பதற்குப் பால் பொறுப்பல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவின் டான், 1996-இல் ராப் பாடகர் கூல் கீத்தோடு சேர்ந்து ‘டாக்டர் ஆக்டகன்’ என்ற வேற்றுக்கிரக மருத்துவரைப் படைத்தவர். இரண்டு பேருக்குமே முகமூடிமேல் ஆசை. இங்கே ஒருவர் செஸ்ட் ராக்வெல், மற்றவர் நதானியேல் மெரிவெதர்: அழகுக்கலை கற்பிக்கும் ஆசான்கள்!

விருந்தாளிப் பட்டியலைப் பார்த்தால் ஒட்டவே ஒட்டாது. பெர்லினின் இரைச்சல் இசைக்காரர் அலெக் எம்பயர், ஜான் லெனனின் மகன் ஷான், பீஸ்டி பாய்ஸின் மைக் டி, பாதிரியார் வேடம் போடும் நகைச்சுவை நடிகர் டான் நோவெல்லோ. ஆனாலும் ஆல்பம் சிதறவில்லை.

‘தி ட்ரூத்’ பாட்டைக் கேளுங்கள். இசையமைப்பாளர் கால்ட் மெக்டெர்மட்டின் 1960-களின் பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து, அவசரமே இல்லாமல் திரும்பத் திரும்பச் சுழலவிட்டிருக்கிறார்கள். நடன இசைக் குழுவான மொலோகோவின் ரோஷின் மர்ஃபி அதன்மேல் குரலை ஏற்றாமல், உருகாமல் பாடுகிறார். ஜே-லைவ் ராப் சொல்ல வரும்போதும் அடித்தளம் மாறுவதில்லை. வந்தவர்தான் அந்த நடைக்குத் தன் நடையைப் பொருத்திக்கொள்கிறார். இருவரும் அவரவர் வீட்டில் செய்யாத ஒன்றை இங்கே செய்கிறார்கள். ஆசிரியர் வேலை என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

2004-இல் அதே இருவர் ‘ஒயிட் பீப்பிள்’ வெளியிட்டார்கள். இப்போது கம்பெனி பெரியது, பெயர்களும் பெரியவை: ஃபரெல் வில்லியம்ஸ், ரிஸா, கேட் பவர், ஜாக் ஜான்சன், லிங்கின் பார்க்கிலிருந்து இருவர். கேட் பவர் பாடியது இன்றும் நிற்கிறது. மற்றபடி கல்யாண வரவேற்பில் மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களின் வரிசைபோலத்தான் எங்களுக்குப் பட்டது. பள்ளிக்கூடக் கிண்டல் அப்படியே இருக்கிறது. வாத்தியார்களின் பிடிதான் தளர்ந்துவிட்டது. இதை ஏற்காதவர்கள் எங்கள் குழுவிலேயே உண்டு.

வெட்டி ஒட்டும் கலைக்கு விலையும் உண்டு. டி லா சோலின் அந்த முதல் ஆல்பத்தில் தங்கள் பாட்டுத் துண்டை அனுமதியின்றி எடுத்ததாக டர்ட்டில்ஸ் குழுவினர் வழக்குப் போட்டார்கள். டி லா சோல் தரப்பு நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்துத் தீர்த்தது. இதேபோன்ற வழக்கில் 1991-இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக வந்த தீர்ப்புக்குப் பின் ஒவ்வொரு துண்டுக்கும் அனுமதி, ஒவ்வொரு அனுமதிக்கும் பேரம். இத்தகைய உரிமைச் சிக்கல்களால் டி லா சோலின் ஆரம்பகால ஆல்பங்கள் இணைய இசைச் சேவைகளுக்கு வந்து சேர 2023 மார்ச் ஆகிவிட்டது. குழுவில் ஒருவரான டேவிட் ஜோலிகோர் அதற்குச் சில வாரங்கள் முன்புதான் இறந்துபோனார்.

‘ஒயிட் பீப்பிள்’ போலப் பெரிய பெயர்களைக் கேட்டு வாங்கி அட்டையில் அச்சிடும் ஆசை எங்களுக்கும் வந்ததுண்டு. சிறப்பிதழ் என்று பெயர் வைத்து, கைக்குக் கிடைத்ததையெல்லாம் உள்ளே தள்ளும் வழக்கம் சிற்றிதழ்களுக்குப் புதிதல்ல. வரும் இதழிலிருந்து பெயருக்காக எதையும் கேட்கப்போவதில்லை. கேட்டு வாங்கியதையும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவோம். எழுத விரும்பும் நண்பர்கள் முந்தைய இதழ் ஒன்றையாவது புரட்டிவிட்டு அனுப்புங்கள். வெட்டினால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.