தெரிவும் தொலைவும்

கல்வியிற் சிறந்த வறிய மாணவரைத் தெரிந்து பொருளுதவி செய்தல் பழைய அறம். முன்னர் வள்ளல்களும் மடங்களும் செய்துவந்த அவ்வறத்தை, இக்காலத்தில் அரசும் அறநிலையங்களும் வெளிநாட்டுத் தூதரகங்களும் புலமைப்பரிசில் என்னும் பெயரால் நடத்துகின்றன. நோக்கம் போற்றற்குரியது. ஆயினும், தெரிவுசெய்யும் முறையிலே ஒரு பெருங்குறை உண்டு. அதனை ஆசிரியராகிய நாம் எடுத்துச் சொல்லாவிடின் வேறு யார் சொல்லப்போகின்றார்?

விண்ணப்பத்தை எவ்வூரிலிருந்தும் அனுப்பலாம். நேர்முகப் பரீட்சையோ பெரும்பாலும் கொழும்பிலேதான். யாழ்ப்பாணத்திற்கும் கொழும்பிற்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நெடுந்தீவு மாணவி ஒருத்தியின் பிரயாணத்தை எண்ணிப்பாருங்கள். படகேறிக் குறிகட்டுவானில் இறங்கவேண்டும். காற்றுக் கடுமையாயின் படகு ஓடாது. அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பஸ்வண்டி; பின்னர் இரவெல்லாம் வழிப்பயணம். பெண்பிள்ளையைத் தனியே அனுப்ப மனமின்றித் தந்தையும் உடன்செல்வார். அவர் கடற்றொழிலாளராயின் இரண்டு மூன்று நாள் உழைப்புப் போயிற்று. இருவருக்கும் வண்டிச் செலவு, உணவு, தங்க ஓர் இடம். வறியவர்க்கென்று வகுத்த பரிசிலைப் பெறுமுன்னரே வறியவர் கடனாளியாகின்றார். கடன் கொடுப்பார் இல்லாதவர் வீட்டிலே நின்றுவிடுகின்றார். தெரிவுக் குழுவின் ஏட்டிலே அவர் பெயருக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதப்படும். ஏன் சமுகமளிக்கவில்லை என்பதை எழுத அவ்வேட்டில் இடமில்லை.

போய்ச் சேர்ந்தவரின் நிலைதான் யாது? கண்விழித்த களைப்பு, முகங்கழுவி உடைமாற்ற இடந்தேடும் அலைச்சல், அதன்பின் பத்து நிமிட வினாவிடை. அதுவும் பலவிடத்தும் ஆங்கிலத்திலே. என்னிடம் இலக்கணம் பயின்ற மாணவன் ஒருவன் எதனையும் நின்று நிதானித்தே சொல்வான், சொன்னது பிழைத்ததில்லை. இத்தகைய நேர்முகம் ஒன்றிலே, முதல் வினாவுக்கு அவன் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே இரண்டாம் வினாவும் மூன்றாம் வினாவும் வந்துவிட்டன. அவன் தெரிவாகவில்லை.

நன்னூலார் மாணாக்கரை மூவகையினராக வகுத்தார். முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் பசுவையும் உவமை கூறினார்; கிளியை இடை மாணாக்கருக்கே கூறினார். பசுவானது புல் மிகுந்த இடத்தில் வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடும். பத்து நிமிடத்தில் அசைபோடுதல் இயலுமோ? கிளிக்கோ அந்நேரம் தாராளமாகப் போதும். முதல் மாணாக்கரைத் தேடிப் புறப்பட்ட குழு இடை மாணாக்கரைக் கொண்டு திரும்புமாயின், அது மாணாக்கர் குற்றமன்று, அளவுகோலின் குற்றம்.

“வெளியூர் சென்று பலரோடு பழகுதலும் கல்வியே, தலைநகருக்குப் போக அஞ்சுவோர் கடல் கடந்து எவ்வாறு கற்பார்?” என்று வினவுவாரும் உளர். வெளியுலகங் காண்டல் நன்றே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால், செல்வர் வீட்டுப் பிள்ளை கொழும்பிலே உறவினர் வீட்டில் உறங்கி எழுந்து வருகின்றது. மற்றைய பிள்ளை இரவு முழுதும் இருக்கையில் அமர்ந்தே வருகின்றது. இருவரையும் ஒரே தராசில் நிறுத்தால், நிறுக்கப்படுவது துணிவன்று, வசதியே.

இதற்கு மாற்று இல்லையோ எனின், நம் நாட்டிலேயே உண்டு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையையே நோக்கியிருந்த ஈழத்து மாணவர்க்கு, 1921ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் எழுந்த ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச, பால, பண்டித பரீட்சைகளை இம்மண்ணிலேயே அமைத்துத் தந்தது. பரீட்சை கடல் கடக்கவேண்டாத காரணத்தால் அதன் தரம் தாழ்ந்தது என்று எவரும் சொன்னதில்லை. கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், 1945இல் இலவசக் கல்வி வந்தது. கிராமத்துப் பிள்ளைகள் பரீட்சை மூலம் தெரியப்பட்டு, மத்திய கல்லூரிகளிலே விடுதி வசதியோடு கற்றனர். இன்றும் ஐந்தாந்தரப் புலமைப்பரிசில் பரீட்சையைப் பிள்ளைகள் தத்தம் பகுதியிலே, தத்தம் மொழியிலே எழுதுகின்றனர். முதலிலே தெரிவு, பின்னரே ஊர்விட்டுச் செல்லல். பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டும் இந்த நீதியைப் பதினெட்டு வயது மாணவர்க்கு ஏன் மறுக்கவேண்டும்?

செய்யத்தக்கவை அரியனவல்ல. தெரிவுக் குழுவினர் மாகாணந்தோறும் ஒருநாள் வந்து அமரலாம். இயலாவிடின் வலயக் கல்வி அலுவலகத்தில் மாணவரை இருத்திக் காணொளி வழியே வினவலாம். கொழும்புக்கு வந்தேயாகவேண்டுமெனின், அழைப்புக் கடிதத்தோடு மாணவர்க்கும் துணைவருவார்க்கும் வழிச்செலவை முன்கூட்டியே அனுப்புக. பின்னர்த் தருவோம் என்பது கையிற் காசில்லாதவர்க்கு உதவாது. ஆங்கில அறிவு வேண்டப்படுமாயின் அதனைத் தனியே சோதிக்க; ஏனைய அறிவைத் தாய்மொழியில் வெளிப்படுத்த இடந்தருக. கொழும்பிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள், தம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஓரிரவு தங்க இடமளித்தல் எளிதிற் செய்யக்கூடிய பேருதவி. ஆசிரியராகிய நாமும் ஆயத்த விடைகளை மனப்பாடஞ் செய்விப்பதை விடுத்து, எண்ணிச் சொல்லும் பழக்கத்தை வகுப்பறையிலேயே வளர்த்தல் வேண்டும்.

பரிசில் வழங்குவோர் அடுத்த தெரிவுக்கு நாட்குறிக்குமுன், சென்ற தெரிவில் வாராதவர் எத்தனைபேர், அவர் எவ்வெவ்வூரினர் என்று தம் ஏட்டைப் புரட்டிப் பார்ப்பாராக. அவர்கள் தேடும் மாணவர் பலர் அப்பட்டியலிலேயே இருத்தல்கூடும்.