காதலா? காவலா?

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக எழுதப்படும் காதல் நாவல்கள், இன்று அமெரிக்கப் பதிப்பகங்களுக்குப் பணம் காய்க்கும் மரம். 2005-ல் தொடங்கிய ஸ்டெஃபனி மேயரின் 'ட்வைலைட்' வரிசை மட்டும் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. கைபேசி இருக்கும் வீடுகளிலெல்லாம் இத்தகைய கதைகள் நுழையக் கூடியவைதாம். பிள்ளை படிப்பது என்ன என்று பார்த்த பெற்றோர் எத்தனை பேர்?

'ட்வைலைட்' கதையில் 17 வயது பெல்லாவின் அறைக்குள், அவளுக்கே தெரியாமல் இரவில் புகுந்து, அவள் உறங்குவதைப் பார்த்துக் கொண்டிருக்கிறான் எட்வர்ட். பிந்திய பாகமொன்றில், நண்பனைச் சந்திக்க அவள் போய்விடக் கூடாது என்று அவளது வண்டியையே ஓடாமல் செய்கிறான். இது அன்பாம்! 2013-ல் அன்னா டாட் இணையத்தில் எழுதத் தொடங்கிய 'ஆஃப்டர்' கதையிலோ, நாயகன் ஒரு பந்தயத்துக்காகவே 18 வயதுப் பெண்ணை நெருங்குகிறான். அவளை அழ வைக்கிறான், அவமானப்படுத்துகிறான். அவளோ மீண்டும் மீண்டும் அவனிடமே திரும்புகிறாள். 2014-ல் நூலாகவும், 2019-ல் திரைப்படமாகவும் இது வந்தது.

முத்தக் காட்சிக்குப் பதறும் பெற்றோர், இந்த அடிமைத்தனத்துக்கு ஏன் பதறுவதில்லை? கண்காணிப்பதும் மிரட்டுவதும்தான் காதல் என்று ஒரு சிறுமி நம்பிவிட்டால், நாளை திருமண வாழ்வில் அடி வாங்கும்போதும் அதை அன்பு என்றே சகித்துக் கொள்வாளே!

தடை செய்தால் தீருமா? ஜான் கிரீனின் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா', அமெரிக்க நூலகச் சங்கத்தின் 2015 பட்டியலில் மிக அதிக எதிர்ப்புக்குள்ளான நூல். பிறகு நடந்தது என்ன? 2019-ல் அது தொலைக்காட்சித் தொடராகவே வந்துவிட்டது!

எல்லா நூல்களையும் ஒரே தராசில் நிறுப்பதும் நியாயமல்ல. கனடாவின் முஸ்லிம் எழுத்தாளர் எஸ்.கே. அலி 2017-ல் 'செயின்ட்ஸ் அண்ட் மிஸ்ஃபிட்ஸ்' எழுதினார். 15 வயது ஜன்னாவிடம் அத்துமீற முயன்றவன், குர்ஆனை மனனம் செய்தவன். பள்ளிவாசலில் எல்லோரும் புகழும் இளைஞன். சொன்னால் யார் நம்புவார்கள் என்று அவள் வாய்மூடித் தவிக்கிறாள். நம் வீட்டு மகளுக்கு இந்நிலை வந்தால், நாம் யாரை நம்புவோம்? அவளையா, அவனது நற்பெயரையா?

அவரே 2019-ல் எழுதிய 'லவ் ஃப்ரம் ஏ டு இஸட்' நூலில், இஸ்லாத்தை இழிவுபடுத்தும் ஆசிரியரை எதிர்த்துப் பள்ளியிலிருந்து இடைநீக்கம் செய்யப்படும் ஸைனப், நரம்பு நோயுடன் போராடும் ஆதமைச் சந்திக்கிறாள். ஈர்ப்பும் உண்டு, மார்க்க வரம்பும் உண்டு.

இதில் ஒரு வேடிக்கை. 'ஆஃப்டர்' நூலையும் எஸ்.கே. அலியின் நூல்களையும் வெளியிட்டது சைமன் அண்ட் சூஸ்டர் என்ற ஒரே நிறுவனம்தான். வியாபாரிக்குக் கொள்கை கிடையாது. வாங்குபவர் கேட்டதை அவன் தருவான். எனவே தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையது.

பெற்றோர்களே! புத்தகத்தைப் பிடுங்கினால் பிள்ளை ஒளித்துப் படிக்கும். நீங்களும் படியுங்கள். "இவன் செய்தது அன்பா, ஆதிக்கமா?" என்று மகளிடம் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, மகனிடமும் கேளுங்கள். நாளை ஒரு துயரம் நேர்ந்தால், அவர்கள் முதலில் வந்து சொல்வது உங்களிடமாக இருக்கும்.