காவலுக்குக் கூலி கொடுத்தது யார்?

வெனிஸ் நகருக்குள் காரும் பஸ்ஸும் கிடையாது. நடக்கணும், இல்லாட்டி படகு. சேமிப்பைக் கரைச்சுப் போன சுற்றுலாக் குழு, சான் மார்க்கோ மணிக்கூண்டு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. 1902இல் சரிந்து, 1912இல் திரும்பக் கட்டி முடித்த கோபுரம். சரிந்தபோது உடையாமல் தப்பிய ஒரே மணி மரங்கோனா. அந்த மணிக்கு ஒருகாலத்தில் இன்னொரு வேலையும் இருந்தது. வழிகாட்டி அதைச் சொல்லவில்லை.

கிடைத்த ஓய்வு நேரத்தில் தனியாக நடந்தேன். ஸ்த்ராதா நோவா கடைத்தெருவைப் பிடித்து, குல்யே பாலத்தடியில் வலப்பக்கம் திரும்பினால் தாழ்வான ஒரு சந்து. வாசல் கல்லில் பள்ளங்கள். கதவின் கீல் இருந்த இடம்.

இது 1541இல் சேர்த்த பகுதி. இதைத் தாண்டி ஒரு பாலம்; அப்புறம் 1516 மார்ச் 29 உத்தரவின்படி யூதர்களை அடைத்த தீவு. முன்னால் இந்த வட்டாரத்தில் உலோக வார்ப்புப் பட்டறை இருந்தது. அதன் பேர்தான் 'கெட்டோ' என்று உலகம் பூரா பரவியது. காலையில் மரங்கோனா அடித்தால் கதவு திறக்கும். ராத்திரி பூட்டு. வெளியே போகணும்னா மஞ்சள் அடையாளம். வாசலில் கிறிஸ்தவக் காவலர்கள், வாய்க்காலில் ரோந்துப் படகு. இத்தனைக்கும் கூலி கொடுத்தது யார்? உள்ளே பூட்டப்பட்ட யூதர்களே!

பக்கவாட்டில் இடமில்லாமல் வீடுகள் ஏழு மாடி வரை மேலே போயிருக்கின்றன. சதுக்கத்தின் ஓரத்தில் பாங்கோ ரோஸோ, சிவப்பு ரசீது கொடுத்த அடகுக்கடை. நகைக்கடன் கவுண்டரில் உட்காருகிறவன் நான், கால் நகரவில்லை. வட்டி பாவம் என்றது திருச்சபை. ஆனால் நகரத்துக்குக் கடன் வேண்டும். பாவத்தை யூதன் தலையில் கட்டி, மற்ற தொழில்கள் பலவற்றையும் அடைத்துவிட்டு, 'வட்டிக்காரன்' என்று வைதார்கள். யூத மருத்துவர் மட்டும் ராத்திரியில் வெளியே போகலாம், கிறிஸ்தவ நோயாளியைப் பார்க்க. தொட்டு வைத்தியம் பண்ணலாம், பக்கத்தில் குடியிருக்கக் கூடாது. நமக்குத் தெரியாத கணக்கா தோழர்களே? 1989இல் அச்சான அம்பேத்கரின் கையெழுத்துப்படி ஒன்று, தீண்டப்படாதோரை 'இந்தியக் கெட்டோவின் பிள்ளைகள்' என்று தலைப்பிலேயே அழைக்கிறது.

நெப்போலியன் படை வந்த 1797இல் கதவுகளைப் பிடுங்கிக் கொளுத்தினார்கள். கதை முடியவில்லை. 1938இல் இத்தாலியின் இனச் சட்டங்கள். 1943-44இல் இந்த நகரத்திலிருந்து 200க்கும் மேற்பட்ட யூதர்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பியவர்கள் மிகச் சிலர். சட்டம் மாறினால் போதும், பூட்டின மனசு தானா திருந்திடும்னு நம்புகிறவர்கள் இந்த வருஷங்களைச் சேர்த்துப் படிக்கட்டும். ஒரு பழைய நகரத்தின் அழகை அளக்க அரண்மனை வாசல் போதாது. கீல் இருந்த பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்கணும்.

சாயங்காலம் படகில், குழுவில் வந்த நம்மூர்க்காரர் பேச்சுக் கொடுத்தார்.

"சாருக்குச் சொந்த ஊரு?"

சொன்னேன்.

"ஊர்ல எந்தத் தெரு?"

பத்து வருஷ பேங்க் வேலையில் இந்தக் கேள்விக்கு 'பஸ் ஸ்டாண்டு பக்கம்' என்று மழுப்பியே பழகியவன் நான். அன்றைக்குச் சத்தமாகவே சொன்னேன்: "சேரி."

அவர் தண்ணீரைப் பார்க்க ஆரம்பித்தார். காவல் வெனிஸ் வரைக்கும் கூட வந்திருக்கிறது. அதற்கு இத்தனை நாள் நான் கொடுத்த கூலி, என் மழுப்பல். இனிக் கொடுப்பதாக இல்லை.