விளிம்போடு ஒட்டாத மெஷ் விடையைக் கெடுக்குமா?

"மெஷ் பொருளின் விளிம்போடு ஒட்டி நிற்காவிட்டால் விடை சரியாக வராது." பொருளைச் சிறு துண்டுகளின் வலையாக, அதாவது மெஷ்ஷாக, பிரித்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் முறையைக் கற்பிக்கும் வகுப்புகளிலும் அதைப் பயன்படுத்தும் வடிவமைப்புக் கூடங்களிலும் இது ஏறக்குறைய வேதவாக்கு. நேரான கட்டங்களை விரித்து, விளிம்பு அவற்றைக் குறுக்கே வெட்டிப் போக விடும் முறைகளை அவசரத் தோராயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இது தவறு. இதற்குக் காட்டும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

துல்லியம் போய்விடும் என்பது முதல் காரணம். வளைவைப் படிக்கட்டாக மாற்றினால் போகத்தான் செய்யும். ஆனால் இன்றைய முறைகள் படிக்கட்டு கட்டுவதில்லை. தறியில் யாரும் துணியைச் சட்டை வடிவில் நெய்வதில்லை. நேராக நெய்து, பிறகு வெட்டித் தைக்கிறோம். இங்கும் விடையைத் தோராயமாக உருவாக்கும் சார்புகள் முழுக் கட்டங்களில் இருக்கும். தொகையீடு மட்டும் விளிம்புக்கு உள்ளே நடக்கும். விளிம்பில் கணுவே (கட்டங்களின் மூலைப்புள்ளியே) இல்லையே, எல்லை மதிப்பை எங்கே வைப்பது? அதைச் சமன்பாட்டுக்குள்ளேயே சேர்த்துவிடும் வழியை யோவாகிம் நிட்ஷே 1971-லேயே காட்டினார். வெட்டுண்ட எலிமென்ட்களுக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் அனிதா ஹான்ஸ்போவும் பீட்டர் ஹான்ஸ்போவும். நேரியல் சார்புகளில் கட்ட அளவு பாதியானால் பிழை நான்கில் ஒன்றாகும் என்று 2002-இல் நிறுவினார்கள். ஒட்டிய மெஷ்ஷும் இதற்கு மேல் தருவதில்லை.

வெட்டில் விழும் சிறு துணுக்குகள் கணக்கையே கெடுத்துவிடும் என்ற இரண்டாவது குற்றச்சாட்டில் வலு உண்டு. பக்கம் 1 அலகு உள்ள சதுரக் கட்டத்தின் மூலைக்குள் பொருள் இரு பக்கங்களிலும் 0.001 அலகு மட்டும் நீட்டிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். உள்ளே விழும் முக்கோணத்தின் பரப்பு 0.0000005. எதிர்மூலைக் கணுவுக்குப் பொருளோடு உள்ள தொடர்பு அந்தத் துணுக்கு மட்டும்தான் என்றால், வெப்பக் கடத்தல் கணக்கில் அதற்கு அணியில் கிடைக்கும் மூலைவிட்ட எண், சாதாரணக் கணுவின் எண்ணோடு ஒப்பிட்டால், பத்து லட்சம் கோடியில் இரண்டு பங்குகூட இராது. இப்படிப்பட்ட அணியைக் கொடுத்தால் சமன்பாடுகளைத் தீர்க்கும் பல நிரல்கள் திணறும்.

இந்த இடத்தோடு கதை முடிந்தது என்று பலரும் நம்புகிறார்கள். முடியவில்லை. எரிக் பர்மன் 2010-இல் முன்வைத்த கோஸ்ட் பெனால்ட்டி இதற்கான மருந்து. வெட்டுண்ட கட்டமும் பக்கத்துக் கட்டமும் சந்திக்கும் கோட்டில் விடையின் சாய்வு திடீரென மாறினால் அதற்கு அபராதம் விதிக்கிறது. உண்மையான விடை அங்கே வழவழப்பானது. அதற்கு அபராதம் ஏதுமில்லை, அதனால் துல்லியம் குறைவதில்லை. ஆதரவற்றுக் கிடந்த கணுவோ உள்ளே இருக்கும் வலுவான கணுக்களோடு பிணைக்கப்படுகிறது. வெட்டு எவ்வளவு மோசமாக விழுந்தாலும் அணியின் தரம் ஒட்டிய மெஷ்ஷின் அளவிலேயே நிற்கும். எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த யோசனை இதுதான். துணுக்குக் கட்டத்தைப் பக்கத்து முழுக் கட்டத்தோடு சேர்த்துவிடும் இன்னொரு வழியும் உண்டு.

வெட்டுண்ட கட்டங்களில் தொகையீடு செய்வது சிரமம் என்பார்கள். உண்மைதான், நிரல் எழுத உழைப்பு வேண்டும். ஆனால் அதற்காக வெட்டும் துண்டுகள் ஊசிபோல் ஒல்லியாக இருந்தாலும் பாதகமில்லை. அவற்றின் மேல் சார்பு எதுவும் இல்லை, தொகையீட்டுப் புள்ளிகள் மட்டுமே உண்டு.

கடைசியாக, "மெஷ் போடும் மென்பொருள்தான் இருக்கிறதே" என்பது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்துக் கணக்கு ஒன்றை அடிக்கடி எடுத்துக்காட்டுவார்கள்: பகுப்பாய்வுக்குச் செலவாகும் நேரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு வடிவத்தைச் சரிசெய்யவும் மெஷ் போடவுமே போகிறது. அதுவும் அசையாத வடிவத்துக்கு. துடிக்கும் இதயத்தின் வால்வுக்கு ஒவ்வொரு கணமும் புது மெஷ்ஷா? சார்ல்ஸ் பெஸ்கின் 1972-இல் ஒட்டாத கட்டங்களை நாடியது அந்த வால்வுக்காகத்தான். அவர் முறையில் விளிம்பின் விசை பக்கத்துக் கட்டங்களுக்குப் பரப்பப்பட்டதால் விளிம்பருகே துல்லியம் குறைந்தது. அந்தப் பழைய நினைவை வைத்து இன்றைய முறைகளையும் எடைபோடுவது நியாயமில்லை. 2007-இல் வந்த ஃபைனைட் செல் முறை, சிடி ஸ்கேனிலிருந்து தொடை எலும்பை மெஷ் போடாமலே கணக்கிடப் பயன்பட்டிருக்கிறது.

ஒட்டிய மெஷ் இன்னும் வெல்லும் இடமும் உண்டு. அதிவேகக் காற்றோட்டத்தில் இறக்கையை ஒட்டிய மெல்லிய அடுக்குக்கு, சுவரோடு படியும் தட்டையான எலிமென்ட்கள்தான் இன்றும் சிக்கனம். மற்ற இடங்களில், ஒட்டாத முறையை நிராகரிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: அந்த நிரல் எல்லை மதிப்பை எப்படிச் சேர்க்கிறது, துணுக்குக் கட்டங்களை என்ன செய்கிறது? மோசமான விடை வந்ததாகச் சொல்லப்படும் இடங்களில் முதலில் சோதிக்க வேண்டியவை இவைதான்.